நான்காவது சொல்

அது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று இப்போது என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஐப்பசி என்பது மட்டும் நிச்சயம். மலைக்கு மேலே நின்ற மேகம் நாவல்பழ நிறத்தில் இருந்ததாக இன்பம் சொல்கிறாள். அதற்கு நிறமே இல்லை, மலைதான் காணாமல் போயிருந்தது என்கிறார் அவள் கணவர் வேதசிரோமணி. நான் இருவரையும் நம்புகிறேன். கேட்டதையும் கண்டதையும் இத்தனை மாதம் மனத்துக்குள் போட்டுப் புரட்டியதில் எதன்மேல் எது படிந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் பதிவேட்டில் எழுதியிருந்த சொல்லை நான் பார்த்தேன். நீல மையில், வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ம்’ என்று இருந்தது. அதில் சந்தேகம் இல்லை.

வேதசிரோமணிக்கு ஐம்பத்தாறு வயது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி மில்லில் இரண்டாம் ஷிப்டு. காலையில், சோழபுரத்துக்குப் போகிற வழியில் உள்ள புளியடிக் கண்மாய்க் கரையில் மழைமானி பார்க்கிற பகுதிநேர வேலை. புனலுக்குக் கீழே சேர்ந்த தண்ணீரை அளவு கிளாஸில் ஊற்றிப் பார்த்து, எட்டரை மணிக்கு மில்லிமீட்டரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நான்கு ஆங்கிலச் சொற்களுக்கு மட்டுமே அனுமதி என்று உள்ளட்டையில் அச்சிட்டிருந்தார்கள்: ஃபைன், க்ளவுடி, ரெயின், ஸ்டார்ம். பத்தொன்பது வருடமாக அவர் முதல் மூன்று சொற்களோடு குடும்பம் நடத்திவிட்டார்.

நான்காவது சொல்லுக்குத் தனி அதிகாரம் இருந்தது. கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீரை ஓடைக்கு வெளியேற்றும் கலுங்கில் இரண்டு ஷட்டர்கள். இரண்டுக்கும் பூட்டு. சாவி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் வானிலைச் சொல் ஒழுங்குப் பிரிவில். பதிவேட்டில் நான்காவது சொல் எழுதப்பட்டால் மட்டுமே சாவி கொடுக்கலாம் என்பது விதி. அந்தச் சொல்லை இதுவரை யாரும் எழுதியதில்லை. ஆகவே சாவியும் கொடுக்கப்பட்டதில்லை. ஒரு புகாரும் வராத விதி என்று அலுவலகத்தில் அதற்கு நல்ல பெயர்.

கரைக்குக் கீழே சர்ச் தெரு. நாற்பத்து மூன்று வீடுகள். வேதசிரோமணியின் வீடு பன்னிரண்டாவது.

அந்தச் செவ்வாயோ புதனோ, கரையின் அடிவாரத்தில் ஓர் இடத்தில் தண்ணீர் கசிவதை அவர் பார்த்தார். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை. இது டீ நிறத்தில் வந்தது. உள்ளே மண் கரைந்துகொண்டிருந்தது. அவர் மேற்கே பார்த்தார். செண்பகத் தோப்புப் பக்கமிருந்து காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. கொக்குகள் கண்மாய்க்கு வரவில்லை. வெகுநேரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவர், நாலு மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டு, குறிப்பில் நான்காவது சொல்லை எழுதி, அதைப் போனில் அலுவலகத்துக்கும் சொன்னார்.

மறுநாளே பதிவேட்டுடன் நேரில் ஆஜராகும்படி போன் வந்தது. சாவி கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் ஒரு மஞ்சள் பையும் எடுத்துக்கொண்டு போனார்.

அலுவலகம் மடவார் வளாகம் போகிற சாலையில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. சொல் ஒழுங்கு அலுவலர் லக்ஷ்மிநரசிம்மன் மிகவும் மரியாதையான மனிதர். யாரையும் நிற்கவைத்துப் பேசமாட்டார்.

“உட்காருங்க வேதசிரோமணி. தண்ணி சாப்பிடறீங்களா?”

“வேண்டாம் சார். சாவியக் குடுத்துட்டீங்கன்னா பதினொன்னே கால் பஸ்ஸப் புடிச்சிருவேன்.”

“அவசரந்தான் மொழிக்கு முதல் எதிரி” என்றார் அலுவலர். பதிவேட்டைத் திறந்து, அந்தச் சொல்லைத் தொடாமல், அதற்குக் கீழே விரலை வைத்தார். “நாலு மில்லிமீட்டர் மழைக்கு இந்தச் சொல்லா?”

“நாலு மில்லிமீட்டர் பேஞ்சது சார். எழுதுனது இனிமே வரப்போறதுக்கு.”

பக்கத்து மேஜையில் இருந்த கண்காணிப்பாளர் நாராயணி தட்டச்சை நிறுத்தினார்.

“பதிவேடு நடந்ததுக்கு. நடக்கப்போறதை எழுத நாங்க என்ன ஜாதகக் கட்டமா போட்டுக் குடுத்திருக்கோம்?”

“கரையில கலங்கலா தண்ணி கசியுது சார். கீழ நாப்பத்து மூணு வீடு இருக்கு.”

“கசிவு வேற ஆபீஸ். வீடு வேற ஆபீஸ். எங்ககிட்ட இருக்கிறது சொல் மட்டுந்தான். அதையாவது ஒழுங்கா வச்சுக்க வேண்டாமா?” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “நான் இந்த வேலைக்கு வந்து ஏழு வருஷம். இதுவரை ஒரு வெள்ளத்தையும் நான் நிறுத்தினதில்லை. அதைப் பத்தி எனக்குக் கவலையும் இல்லை. ஆனா ஒரு தப்பான வார்த்தையை இந்த மாடிப்படி தாண்டி வெளியே விட்டதில்லை.”

எழுதியதை அடிப்பதற்கு விதியில் இடமில்லை. பொருள் நிர்ணயிக்கப்படும்வரை அந்தச் சொல் செல்லுபடியாகாது. நிர்ணயம் ஆகும்வரை பதிவேடு சாட்சிப்பொருள். நாராயணி அதை ஒரு துணி உறைக்குள் போட்டு அரக்கு வைத்து மூடினார்.

“அப்பம் நாளைக்கு மழையளவ எதுல சார் எழுத?”

“பதிவேடு இல்லாம எப்படி எழுதுவீங்க?”

“மழ பேஞ்சா?”

“பெய்யட்டும்” என்றார் லக்ஷ்மிநரசிம்மன் பெருந்தன்மையாக. “மழைக்கும் நமக்கும் என்ன விரோதம்?”

சாவிகள் நாராயணியின் தலைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கின. ‘புளியடி 1, 2’ என்று அட்டை கட்டியிருந்தது. வேதசிரோமணி வெளியே வரும்போது அதைப் பார்த்தார். கை நீட்டினால் எட்டும் உயரம்.

அன்றிலிருந்து தினமும் மழை பெய்தது. எட்டரை மணிக்கு அவர் வழக்கம்போலக் கரைக்குப் போனார். அளவு கிளாஸைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீரைத் தரையில் கொட்டினார். எழுத இடமில்லாத எண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வார்.

“இன்பம், முப்பத்தெட்டு.”

“அதுக்கு நான் என்ன செய்யட்டும்? இட்லியத் தின்னுங்க.”

சர்ச் தெருக்காரர்கள் வேறு இரண்டு அலுவலகங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். சொல் விசாரணையில் இருக்கிறது, முடிவு வந்ததும் சொல்லுங்கள் என்று இரண்டிலும் ஒரே பதில் கிடைத்தது.

இரண்டாவது விசாரணைக்கு ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ரிச்சர்ட். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி. மேஜை மேல் நான்கு அகராதிகள். வேதசிரோமணி வணக்கம் சொன்னதும், “தம்பி, நீங்க ஒரு காட்டு யானையோட காலைப் புடிச்சிருக்கீங்க” என்று தொடங்கினார்.

“குழந்தை கோபத்துல கதவை அறைஞ்சிட்டு வெளியே போனா அதுக்கும் இதே சொல். படை கோட்டைக்குள்ள பாஞ்சாலும் இதே சொல். சபையில கண்டனம் எழுந்தாலும், கைதட்டல் எழுந்தாலும் இது வரும். பத்துப் பேர் ஒரு ரூம்ல உக்காந்து யோசிச்சா, முன்னால மூளையைச் சேத்துக்கிட்டு வரும். தூசிக்கு வரும், பனிக்கு வரும். டீக் கோப்பைக்குள்ளகூட வரும். இத்தனையில நீங்க எந்தப் பொருள்ல எழுதுனீங்க?”

“தெருவுக்குள்ள தண்ணி வாரதத்தான் சார் எழுதுனேன்.”

பேராசிரியர் நான்கு அகராதிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெளியே மழை வலுத்தது. அவர் அவசரப்படவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, “அப்படி ஒரு பொருள் இல்லையே” என்றார்.

பொருள் தெரிவுப் படிவம் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பதினான்கு கட்டங்கள். ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும். முதல் கட்டம் ‘காற்றும் மழையும் இடியும்’. வேதசிரோமணி அதில் பேனாவை வைத்தார்.

“அதுக்குக் காற்று வேகச் சான்று இணைக்கணும்” என்றார் லக்ஷ்மிநரசிம்மன்.

“எங்க வாங்கணும் சார்?”

“நாமதான் கொடுக்கணும். காத்தாடி கருவி நம்மகிட்டதான் இருக்கு.”

“அப்பம் பாத்துக் குடுங்க சார்.”

நாராயணி பீரோவைத் திறந்து காட்டினார். கருவி தாளில் சுற்றி, உள் அறையில், பத்திரமாக இருந்தது. காற்றில் வைத்தால் சுழன்று தேய்ந்துவிடும் என்பதால் வாங்கிய நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது. பீரோவுக்குள் காற்றின் வேகம் பூஜ்யம். வேண்டுமானால் அந்தச் சான்றைக் கொடுக்கலாம்.

“எதுக்கு வீண் அலைச்சல்?” என்றார் அலுவலர் கனிவாக. “பதினாலாவது கட்டத்தைப் பாருங்க. உருவகம். உங்க மனசு கலங்கியிருக்கு. அதை ஒரு சொல்லால சொல்லிட்டீங்க. மனுஷனுக்கு இயல்புதான். அதுல கையெழுத்துப் போடுங்க, கோப்பு இன்னைக்கே முடிஞ்சிரும்.”

வேதசிரோமணி கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது ஒன்றுதான் தெரியும். நாராயணி அவரைப் படிவரை கொண்டுவந்து விட்டு, தாழ்ந்த குரலில், “அவங்க முடிவு பண்ணமாட்டாங்க ஐயா. முடிவு பண்ணிட்டா இந்த ஆபீஸே வேண்டாமே” என்றார்.

அன்று சாயங்காலம் கசிவு இரண்டு கை அகலத்துக்கு ஆகியிருந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. கிளாட்வின் குனிந்து ஒரு விரலை விட்டுப் பார்த்தான். நான்கு வீடு தள்ளி இருப்பவன். ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது.

“என்ன அண்ணாச்சி, உங்க ஆபீஸ்ல இன்னும் அர்த்தம் கெடைக்கலையோ? ஸ்கூல்ல எனக்கும் இப்பிடித்தான் வாத்தியார் அர்த்தம் கேட்டாரு. தெரியலைன்னேன். முட்டி போட வச்சாரு. உங்க ஆளுவள எவன் முட்டி போட வைக்க?”

“வெளையாடாதல கிளாட்வின்.”

“வெளையாடலண்ணாச்சி. கடப்பாரை இருக்கு. ரெண்டு பூட்டு, பத்து நிமிசம். நீங்க ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். அந்தாலத் திரும்பி நில்லுங்க, போதும்.”

“கவர்மெண்டுப் பூட்டுல அது.”

“தண்ணிக்கு அது தெரியுமா?”

இன்பமும் அதையேதான் சொன்னாள். சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “உடைக்கச் சொல்லுங்க. கேஸ் போட்டா போட்டுட்டுப் போறான். செயிலுக்குள்ளயாவது தண்ணி வராது.”

“வெள்ளிக்கெழம கடைசி விசாரணை வச்சிருக்காவ. எழுத்துல குடுத்திருக்காவ, இன்பம். முடிச்சிருவாவ. ரெண்டு நாள்தான.”

“எழுத்து எழுத்துன்னு நீங்க ஒருத்தர்தான் அதக் கும்புடுதிய.”

அவர் பத்தொன்பது வருடம் தினமும் எழுதியவர். எழுதினால் எங்கோ ஒருவர் படிக்கிறார் என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையை ஒரு கடப்பாரைக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கிளாட்வினைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைவரை பூட்டைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாடிப்படியில் வாழைமரம் கட்டியிருந்தது. விசாரணை அன்றே ‘சொல் தெளிவு நாள்’ விழாவையும் சேர்த்து வைத்திருந்தார்கள். குத்துவிளக்கு, பேனர், தட்டில் பால்கோவா. முதல் நிகழ்ச்சி உறுதிமொழி. “பொருள் அறியாச் சொல்லை நான் எழுதமாட்டேன், எழுதியவரை ஆதரிக்கமாட்டேன்” என்று எல்லோரும் கை நீட்டிச் சொன்னார்கள். முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்த வேதசிரோமணியும் கையை நீட்டினார்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் அணைந்தது. ஆண்டாள் கோயில் கோபுரம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பிறகு காற்று வந்தது. தெருவில் தகரம் ஒன்று உருண்டு போகிற சத்தம் கேட்டது. மின்சாரம் போனது. லக்ஷ்மிநரசிம்மன் பேச்சை நிறுத்தவில்லை. நாராயணி செல்போன் டார்ச்சை அவர் தாளுக்குப் பிடித்தார்.

“மகிழ்ச்சியான செய்தி ஒன்று. கடந்த ஒன்பது நாட்களாகப் புளியடிப் பகுதியில் ஒரு துளி மழைகூடப் பதிவாகவில்லை.” காற்றுக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அவர் கத்த வேண்டியிருந்தது. “பதிவாகாத மழையால் பதிவாகும் சேதம் எதுவும் ஏற்பட முடியாது. மற்ற பிரிவுகள் வெள்ளம் வந்த பிறகு ஓடுகிறார்கள். நாம் அதற்குப் பெயர் வைக்கும் இடத்திலேயே தடுத்துவிட்டோம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியர் ரிச்சர்ட் குனிந்து வேதசிரோமணியின் காதில், “பாத்தீங்களா, இந்தக் கைதட்டலுக்கு உங்க சொல்லைத் தாராளமாப் போடலாம். ஏழாவது பொருள்” என்றார்.

அப்போது இன்பத்தின் போன் வந்தது. அவள் சத்தத்துக்குப் பின்னால் வேறொரு சத்தம் இருந்தது.

“கர மேல தண்ணி தளும்புது. பிள்ளைய, கெழடுக எல்லாத்தையும் சர்ச்சுக்குள்ள ஏத்திட்டோம். கிளாட்வின் உங்களக் கேக்கான். உடைக்கட்டுமான்னு கேக்கான். சத்தியம் பண்ணிட்டானாம். நீங்க சொல்லணுமாம்.”

“செத்த நேரம், இன்பம். சாவிய வாங்கிட்டு வந்திருதேன்.”

அவர் எழுந்து மேடைக்குப் போனார். பேச்சு முடியும்வரை நின்றார். அலுவலர் இறங்கியதும், “சார், சாவி” என்றார்.

“பொருள் நிர்ணயம் ஆகலையே.”

ஜன்னல் கதவு ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. மழை அறைக்குள்ளேயே பெய்தது. அகராதிகளைக் காப்பாற்ற நான்கு பேர் ஓடினார்கள்.

“சார், இதுக்கு மேலயுமா?”

“வேதசிரோமணி, வெளியில நடக்கறதை வச்சு முடிவெடுத்தா நமக்கும் கலுங்குல நிக்கறவனுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வழி சொல்றேன். பதினாலுல கையெழுத்துப் போடுங்க. பழைய சொல்லோட விவகாரம் முடிஞ்சிரும். பதிவேட்டைத் திருப்பித் தந்திருவோம். நீங்க அதே சொல்லைப் புதுசா எழுதுங்க. இன்னைக்கு யாரும் கேள்வி கேக்க முடியாது.”

வேதசிரோமணி கையெழுத்துப் போட்டார். தாள் நனைந்திருந்ததால் பேனா இரண்டு இடத்தில் கிழித்தது. அரக்கு உடைக்கப்பட்டது. அவர் நின்றபடியே பதிவேட்டை விரித்துத் தேதியை எழுதி, குறிப்பில் அந்தச் சொல்லை எழுதப் போனார். லக்ஷ்மிநரசிம்மன் தன் கையைத் தாள்மேல் வைத்து மறைத்தார்.

“என்ன இது? பதிவு காலை எட்டரைக்குத்தான்.”

வேதசிரோமணி அந்தக் கையைச் சிறிது நேரம் பார்த்தார். வெளுத்த, சுத்தமான கை. பிறகு பதிவேட்டை மூடிவிட்டு, நாராயணியின் இருக்கைக்குப் பின்னால் போய், ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. இத்தனை நாளும் அப்படி ஒரு விதி இருந்ததில்லை.

பஸ் ஓடவில்லை. பால் வேன் ஒன்றில் பாதி தூரம் வந்தார். மீதியை முழங்கால் தண்ணீரில் நடந்தார். போகிற வழியில் பத்துத் தடவை இன்பத்துக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. உடைக்கச் சொல் என்று சொல்லத்தான்.

அவர் கரைக்கு வந்தபோது மணி ஐந்து. ஒரு ஷட்டர் திறந்திருந்தது. பூட்டு உடைந்து தொங்கியது. ஓடையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஆள் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கடப்பாரை கலுங்குச் சுவரில் சாய்ந்து கிடந்தது. இன்பம் அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

“அவன் எங்க?”

“நாலு மணிவரைக்கும் உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டு நின்னான்” என்றாள் அவள். “பொறவு நாந்தான் உடைலேன்னேன். ஒண்ண உடைச்சான். ரெண்டாவதுக்குத் தாண்டிப் போகும்போது…”

அவள் கை காட்டவில்லை. ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதசிரோமணி சாவியைப் போட்டு இரண்டாவது ஷட்டரைத் திறந்தார். எண்ணெய் போட்டது போல, ஒரே திருப்பில், சுலபமாகத் திறந்துகொண்டது.

கரையின் தென்கோடி அன்று இருட்டுவதற்குள் உடைந்தது. சர்ச் தெருவில் ஒன்பது வீடுகள் போயின. ஆட்கள் சர்ச்சுக்குள் இருந்ததால் வீடுகள் மட்டும் போயின. கிளாட்வினை மூன்றாம் நாள் சோழபுரத்தில் ஒரு வாழைத்தோட்டத்தில் எடுத்தார்கள்.

லக்ஷ்மிநரசிம்மன் பதவி உயர்வில் மதுரைக்குப் போனார். பேராசிரியர் ரிச்சர்ட் அந்தச் சொல்லுக்கு இருபத்து மூன்று பொருள் கண்டு அறிக்கை கொடுத்துவிட்டு, இப்போது ‘க்ளவுடி’யைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாராயணி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். மழைமானியை எடுத்துவிட்டார்கள். புளியடியில் இப்போது மழை அளக்கப்படுவதில்லை. சாவியை அனுமதியின்றி எடுத்ததற்காக வேதசிரோமணி பகுதிநேர வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மில் வேலை இருக்கிறது. இன்பம் அவரோடு பேசுகிறாள், தேவைக்கு.

கிளாட்வினின் மனைவி அக்சா நிவாரணத்துக்கு எழுதிய மனுவுக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. குறிப்பிட்ட நாளில் அப்பகுதியில் அவ்வாறான வானிலை ஏதும் பதிவாகவில்லை என்றும், முன்னர் எழுதப்பட்ட சொல் உருவகமே என்று பதிவாளர் வேதசிரோமணி தம் கையொப்பத்துடன் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றும் அதில் இருந்தது. படிவத்தின் நகலும் இணைத்திருந்தார்கள். அவள் அதை யாரிடமும் காட்டவில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை காட்டினாள்.

அவள் வீடு நான்கு வீடு தள்ளித்தான். வேதசிரோமணி இன்னும் அங்கே போகவில்லை.